வயிறு நிறைந்த நாளில் எடுத்த அளவு

என் அக்கா புலிகளுக்குச் சேணம் செய்கிறவள். குதிரைச் சேணத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் புலிக்கு ஆகிவிடும் என்று நினைக்கிறவர்களிடம் அவள் பேச்சே வைத்துக்கொள்வதில்லை. புலி நடக்கும்போது தோள்பட்டை எலும்புகள் முதுகுக்கு மேலே ஏறி இறங்கும். அதற்கு வழிவிட வேண்டும். ஆகவே அவள் சேணத்தில் மரச்சட்டம் கிடையாது. முதுகெலும்புக்கு இருபக்கமும் கம்பளித் திண்டு, வயிற்றைச் சுற்றிக் கித்தான் பட்டை. தோலில் செய்தால் தின்றுவிடும். கித்தானையும் கடிக்காமலிருக்க எலுமிச்சை எண்ணெய் தடவுவாள். எங்கள் வீட்டுத் தலையணை வரைக்கும் அந்த வாசனைதான்.

அக்காவின் கணவர் தபால்காரர். மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்களுக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரே பெண்புலிமேல் போய்வந்தார். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் வந்துவிட்டதால் அதற்கு ‘மூத்தவள்’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததே அக்காதான்.

போன மழைக்கு முன்னால் மூத்தவளுக்குப் புதுச் சேணம் தேவைப்பட்டது. புலி ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் தின்னும். தின்ற மறுநாள் வயிறு பானை. நாலாம் நாள் ஒட்டிப்போயிருக்கும். அதனால் நிறைந்த நாளில் ஓர் அளவு, பசித்த நாளில் ஓர் அளவு என்று இரண்டு எடுப்பது பட்டறை வழக்கம்.

மூத்தவள் தின்ற மறுநாள் மாமா கூட்டிவந்தார். அக்கா நாடாவைச் சுற்றினாள்.

“மூத்தவளுக்கு உடம்பு போட்டிருக்கு.”

“நாலு நாள் உன் சமையலைப் போடு, இளைச்சிடுவா.”

“உங்க வாய்தான் இளைக்க மாட்டேங்குது. மூணு நாள் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வாங்க.”

“அப்போ நான் மலைமேல இருப்பேன். நம்ம வீட்டுப் புலிதானே, உனக்குத் தெரியாத வயிறா?”

அக்கா சிரித்துவிட்டாள். பசித்த நாளின் அளவைக் குத்துமதிப்பாக எழுதினாள். வேறு யாருடைய புலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பாள். எதிர் மேசையில் கித்தான் வெட்டிக்கொண்டிருந்த நான் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

பட்டை இரண்டு விரல் தளர்வு. பசித்த நாட்களிலெல்லாம் சேணம் பின்னால் வழுக்கி இடுப்பில் உரசியிருக்கிறது. புலி வலியைக் காட்டாது. மூத்தவள் மூன்று வாரம் முனகாமல் தபால் சுமந்தாள். முடி கொட்டிய இடத்தை மாமா கவனித்தபோது உள்ளே சீழ் பிடித்திருந்தது.

புண் ஆறியது. ஆனால் சேணத்தைக் கண்டாலே பல்லைக் காட்டினாள். மாமாவுக்கு ஆபீசில் உட்கார்ந்து கடிதம் பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

“ஒரு தடவை திட்டித் தொலைங்களேன்” என்றாள் அக்கா ஒருநாள்.

“அவசரப்படுத்தினது நான்தானே.”

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பிறகு ஐந்து மாதம், வயிற்றோடு சேர்ந்து இறுகித் தளரும் பட்டை ஒன்றைச் செய்தாள். நாடாவைப் பார்த்தாலும் மூத்தவள் உறுமியதால் தினமும் வெறுங்கையால் சாண்போட்டு அளந்தாள். மூத்தவள் மறுபடி மலையேற வேண்டும், மாமா மறுபடி அதன்மேல் உட்கார வேண்டும். அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை.

போன வாரம் கொட்டிலில், மாமா மூத்தவளின் தலையைத் தடவிக்கொடுக்க, அக்கா சேணத்தை மெல்ல முதுகில் வைத்தாள். மூத்தவள் பல்லைக் காட்டவில்லை. அசையாமல் நின்றாள்.

“பாத்தியா, ஒத்துக்கிட்டா” என்றார் மாமா. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு.

அக்கா உள்ளங்கையை அதன் விலாவில் வைத்தபடி நின்றாள். தோளிலிருந்து வால் வரைக்கும் தோல், காற்றுப்பட்ட குளம்போல் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஒத்துக்கலைங்க. பொறுத்துக்கிறா.”

சேணத்தை எடுத்துவிட்டாள்.

“வேணாம். விட்டுடுவோம்.”

மாமா ரொம்ப நேரம் புலியின் காதையே நீவிக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, ஆபீசுக்கு நேரமாச்சு” என்று சட்டையில் ஒட்டிய முடியைத் தட்டிக்கொண்டு நடந்தார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, புதுப் பட்டையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.