சும்மா குனிந்திருத்தல்

நாற்றுக் கட்டை எடுக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், நெடுங்காட்டில், எங்கள் சொந்த வயலில் நடந்தது இது. முப்பத்தாறு வயதில் என்னை இரண்டு பேர் தாங்கிக் கரையேற்றினார்கள். வலியைவிட வெட்கம்தான் அதிகம்.

காரைக்காலில் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பார்த்த டாக்டர், “எலும்பெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாக இருந்தால் செருப்பு மாட்டக்கூட ஏன் ஆள் தேடுகிறேன்? இணைப்புத் திசு (தசைகளைப் போர்த்தி ஒன்றோடொன்று பிணைக்கும் மெல்லிய சவ்வு) இறுகிவிட்டதாம்.

“அடுத்த நடவுக்கு எறங்கலாமா டாக்டர்?”

“பாக்கலாம்.”

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இப்படிப் “பாக்கலாம்” என்பவர்களை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆறு மாதம் ஊசி, மாத்திரை, தைலம். வலி போவதுபோல் போய்த் திரும்பி வந்தது.

பிறகுதான் யோகா பயிற்சிக்குப் போகச் சொன்னார். ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில், நான்கு ஞாயிற்றுக்கிழமை. சொல்லிக்கொடுத்த பெண் புதுச்சேரியிலிருந்து வந்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். காலை நீட்டி, மடியில் தலையணை வைத்து, பாதி குனிந்து ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். ஆழத்திலுள்ள சவ்வு அவசரப்படுத்தினால் இளகாதாம். நாளெல்லாம் குனிந்து நட்டவளுக்குக் குனியச் சொல்லித்தர ஆளா! இதற்கா பஸ் ஏறி வந்தேன் என்றிருந்தது.

எங்கள் நடவில் ஒரு பழக்கம். பின்தங்கியவளைச் சுற்றி நாற்றை நட்டு, நடுவில் மாட்டிவிட்டுச் சிரிப்பார்கள். இருபது வருடத்தில் நான் ஒருநாளும் மாட்டியதில்லை. மூன்றாம் ஞாயிறு, பக்கத்துப் பாயில் இருந்த யாரோ ஒரு குமாஸ்தாவின் தலை முழங்காலை நெருங்கியது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தலையணையைத் தள்ளிவிட்டு நெற்றி முட்டக் குனிந்தேன்.

“அக்கா, பக்கத்துல பாக்காதீங்க. பாதியில நில்லுங்க.”

“பாதியில நின்னு எனக்குப் பழக்கமில்லம்மா.”

மறுநாள் காலை பாயைவிட்டு எழ முடியவில்லை.

“யோகாவுலயும் போட்டியா? பரிசு ஏதும் குடுக்குறாங்களா?” என்று வீட்டுக்காரர் சிரித்தார். கையிலிருந்த டம்ளரை வீசினேன். அவர்மேல் படவில்லை. படட்டும் என்றுதான் வீசினேன்.

நான்காம் ஞாயிறும் போனேன், பிடிவாதத்தில்.

“எங்க இழுக்குதுக்கா?”

“எல்லா எடத்துலயும்.”

“அப்ப கொஞ்சம் மேல வாங்க.”

வந்தேன். ஐந்து நிமிடம் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். முடியும் தறுவாயில் இடுப்புக்குள் எங்கோ துளி இளகியது. துளிதான். இதற்கு நான்கு வாரமா என்று எரிச்சல் வந்தது. இதைச் செய்து பார்த்தால் உங்களுக்கும் எரிச்சல் வரும், வரட்டும், அதோடேயே குனிந்திருங்கள்.

வீட்டில் தினமும் செய்தேன். ஆற்றில் தண்ணீர் வந்து, நடவு தொடங்கியதும் வயலில் இறங்கினேன். கை பழைய வேகத்துக்கு ஓடியது. இடுப்பு லேசாகப் பிடிப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான். வயலில் பாதிகூட ஆகவில்லை. நாற்றைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் ஏறினேன்.

கூட நட்டுக்கொண்டிருந்த செல்வி திரும்பிப் பார்த்தாள். “என்னக்கா, அதுக்குள்ள ஏறிட்டீங்க? வலிக்குதா?”

“வலிக்கலடி. அதான் ஏறிட்டேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதேன், பாதியில் நின்ற ஆத்திரத்தில். வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை.