லேபிளில் இல்லாத வருடம்

போன வருடம், பெரஹரா ஊர்வலத் திருவிழா முடிந்து கண்டி கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹோட்டலில் நான் பார் கவுண்டரில் நிற்பவன். சொந்த ஊர் புசல்லாவை. இப்போது குண்டசாலையில் வாடகை வீடு. நான் ஒரு சொட்டும் குடிப்பதில்லை, ஆனால் குடிவகைகளைப் பற்றிக் கதைவிடச் சொன்னால் விடிய விடிய விடுவேன்.

எங்கள் அலுமாரியில் குவாத்தமாலா ரம் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். லேபிளில் பெரிதாக இருபத்தொன்று என்று போட்டிருக்கும். கரும்பு விளைவது கீழே சுடுவெயிலில், பீப்பாய்கள் கிடப்பது மேலே மலைக்குளிரில், போட்டிகளுக்குப் போனால் பரிசோடுதான் திரும்புமாம். கடைசியில், “இருபத்தொரு வருடம் தூங்கி எழுந்தது” என்று முடிப்பேன். எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். எனக்கு முன்னால் அங்கே நின்றவர் சொன்ன கதைதான், நான் கொஞ்சம் மசாலா சேர்த்திருந்தேன்.

ஒரு பின்னேரம் இந்தக் கதையை ஹோட்டலில் தங்கியிருந்த ஒரு பெண்ணிடம் எடுத்துவிட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் குவாத்தமாலாக்காரி என்றார். போத்தலை என் பக்கம் திருப்பி, எண்ணுக்குப் பக்கத்தில் வருடம் என்று எங்கே போட்டிருக்கிறது, காட்டுங்கள் என்றார். தேடினேன். இல்லை. இத்தனை நாளாக அந்தச் சொல்லைச் சேர்த்தது என் வாய்தான். இளசும் பழசுமாகப் பல ரம் அதில் கலந்திருக்கிறது, இருக்கிறதிலேயே பழசின் வயதுதான் இருபத்தொன்று என்றார். பீப்பாயை முழுதாகக் காலிசெய்யாமல், மிச்சத்தின் மேலேயே புது ரம்மை ஊற்றிக்கொண்டே போவார்களாம். எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்காததால் இரவெல்லாம் அதே யோசனை.

மறுநாள் காலையில் வீட்டில் ஒரு சண்டை. மிச்சமிருந்த தயிரை நான் வழித்துச் சாப்பிட்டுவிட்டேன்.

“உறைக்கு ஒரு கரண்டி வைக்கணும்னு எத்தன தடவ சொல்றது? போயி பக்கத்து வீட்ல வாங்கிட்டு வாங்க. நம்ம வீட்டு உறதான் அது, போன மாசம் நாந்தான் குடுத்தேன்” என்றாள் மனைவி.

“நம்ம வீட்டுக்கு அது எங்கேருந்து வந்துச்சு?”

“கல்யாணமான புதுசுல எங்க அம்மா வீட்லேருந்து கொண்டாந்தது. இப்ப எதுக்கு அந்த ஆராய்ச்சி?”

கையில் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். பால் நேற்றையது. உறை எங்கள் கல்யாணத்து வயசு. அந்தப் பெண் சொன்ன பீப்பாய் இதுதானே!

அன்று மாலை ஹோட்டலில் அந்த ரம்முக்கென்றே ஒரு சுவைபார்க்கும் கூட்டம். நான்தான் பேச வேண்டும். இரண்டு வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தேன். அன்றைக்கு நன்றாகப் பேசினால் நிரந்தர நியமனக் கடிதம் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மத்தியானமே அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். மேசையில் புதிதாக அடித்த கார்டுகள், எல்லாவற்றிலும் ‘இருபத்தொரு வருடம்’.

“கார்டு அடிச்சாச்சு. நீர் வழமையாச் சொல்லுறதையே சொல்லும். உம்மட கடிதம் இன்னும் என்ர மேசையிலதான் கிடக்கு, விளங்குதோ?” என்றார்.

நன்றாகவே விளங்கியது. பழைய கதையையே சொல்லிவிடுவதென்று முடிவுசெய்துகொண்டேன். ஆனால் நான் தொடங்குவதற்குள் முன்வரிசையில் ஒருவர் கார்டைப் பார்த்துவிட்டு எழுந்தார். தன் மகளுக்கும் இந்த வருடம் இருபத்தொன்று, அவள் பிறந்த வருடத்தில் பீப்பாயில் போட்ட ரம் என்பதால் அவளுக்காகவே ஒரு போத்தல் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். அதற்குமேல் எனக்குப் பொய் வரவில்லை.

மேனேஜர் பக்கம் திரும்பாமல் தயிர்க் கதையைச் சொன்னேன். சட்டியைக் கழுவிக் கவிழ்க்காத வீடு, அம்மா வீட்டு உறை, பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த கரண்டி, எல்லாவற்றையும் சொன்னேன். எண் இருபத்தொன்றுதான், ஆனால் முழுப் போத்தலின் வயது அதுவல்ல, வருடம் என்று சேர்த்தது நாங்கள், மன்னியுங்கள் என்றேன். முன்வரிசைக்காரர் கிளாஸைத் தூக்கிப் பிடித்து, அப்படியானால் மகள் பிறந்த வருடத்து ரம் இதில் ஒரு சொட்டாவது இருக்குமா என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. குவாத்தமாலாப் பெண் பின்வரிசையில் கைதட்டினார். மேனேஜர் எழுந்து போய்விட்டார்.

வேலை போச்சு என்றுதான் மறுநாள் பயந்துகொண்டே போனேன். மேனேஜர் கறுப்புப் பேனையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கார்டிலும் ‘வருடம்’ என்ற சொல்லை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், “அந்த மற்றக் கார்டுக் கட்டை எடுத்து நீரும் வெட்டும்” என்றார். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அது மூன்று மாதம் கழித்து வந்தது.

இப்போதெல்லாம் தயிர்ச் சட்டியில் ஒரு கரண்டி மிச்சம் வைக்க நான் மறப்பதில்லை. யார் என்ன எண்ணைச் சொன்னாலும், அதற்குப் பக்கத்தில் உண்மையிலேயே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.