கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

லோகநாயகிக்கு ஒரே தம்பி, அர்ஜுனன். பழவேற்காடு ஏரியோரம் தோணிரேவில் மீன்பிடிக் குடும்பம். அவள் படித்து கெமிக்கல் இன்ஜினியராகி, கிண்டியில் எங்கள் டிசைன் ஆபீசுக்கு வந்தாள். பக்கத்து மேசை என்னுடையது. அவள் ஊர்ப்பக்கம் புதிதாக வந்த கேஸ் பிளாண்டுக்கு நாங்கள்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தோம். அந்தப் பழக்கத்தில் தம்பிக்கு அங்கே ஆபரேட்டர் வேலை வாங்கினாள்.

அவர்களுடைய அப்பா ராஜவேலு குதித்தார். "ஏரியக் கெடுக்க வந்தவன்கிட்ட போயி கைகட்டி நிக்கணுமா இவன்?"

"நிக்கட்டும் நைனா. மாசம் பொறந்தா சம்பளம் வரும். அவனுக்கு நான் பொறுப்பு" என்றாள்.

பொறுப்பாம்! அந்த வார்த்தையை அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

குழாயில் வரும் வாயு எந்த அழுத்தத்தில், எந்தக் குளிரில் திரவமாகத் திரளத் தொடங்கும் என்பதை மென்பொருளில் ஒரு வளைகோடாக வரைவோம். ஃபேஸ் என்வலப் என்று பெயர். கோட்டுக்கு வெளியே இருக்கும்வரை வாயு வாயுதான். உள்ளே போனால் எண்ணெய் கட்டும். அந்த எண்ணெய் கம்ப்ரசருக்குள் போனால் இயந்திரம் நாசம்.

வாயுவில் என்னென்ன கலந்திருக்கிறது என்று லேப் கொடுத்த பட்டியலின் அடியில், கனமான சரக்குகள் சில, துளித்துளியாக இருந்தன. லோகநாயகி அவற்றை எடுத்துவிட்டு மீதியை நூறு சதவீதமாக்கிக்கொண்டாள். சோம்பேறித்தனம் இல்லை. சின்ன வயதிலிருந்து வலையைக் கொட்டி இறால், நண்டு, மடவை என்று பிரித்த கை அது. மிஞ்சும் பொடிசு எந்த வியாபாரியின் தராசிலும் ஏறாது, வீட்டுக் குழம்புக்குத்தான். எடை பார்க்குமுன் பொடிசை ஒதுக்குவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. ஆனால் வாயுவில் அந்தப் பொடிசுதான் கோட்டை இழுத்து அகலமாக்கும். இவள் வரைந்த கோடு ஒடுங்கிப்போய், குழாயின் அழுத்தத்தையும் குளிரையும் குறிக்கும் புள்ளி அழகாக வெளியே நின்றது. எண்ணெயைப் பிரிக்கும் கலனே வேண்டாம் என்று எழுதினாள். மேலே இருந்த மகானுபாவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை, அர்ஜுனன் வால்வைத் திறந்தான். அழுத்தம் இறங்கி வாயு இன்னும் குளிர்ந்தது. எண்ணெய் கட்டிக்கொண்டு போய் கம்ப்ரசரை உடைத்தது. ஆள் பிழைத்தது பெரிய விஷயம். அவசரமாகத் திறந்துவிட்டான் என்று சொல்லி, பிளாண்டில் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சேதி கேட்டதும் லோகநாயகி பழைய கணக்கைத் திறந்தாள். விட்டதைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். கோடு விரிந்தது, புள்ளி உள்ளே கிடந்தது. "ஐயோ, என் தம்பி!" என்று ஆபீசே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டாள்.

மேலதிகாரியிடம் அப்போதே போய்ச் சொன்னாள். கலன் ஒன்று வைக்கச் சொல்லிவிடலாம், நீ வாயைத் திறக்காதே என்றார். கேட்கவில்லை. தப்பு தன்னுடையது, தம்பி நிரபராதி என்று பிளாண்டுக்கே எழுதினாள். விசாரணை முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. ஆபீசிலும் அவளுக்குச் சீட்டுக் கிழிந்தது. கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அவள் ஊருக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மடிக்கணினியை வைத்துத் தம்பிக்கு இரண்டு கோட்டையும் காட்டினாள். "நீ ஒண்ணும் பண்ணல அர்ஜுனா. நான் போட்ட கணக்கு தப்பு. உன் வேலையத் தின்னது நான்தான்."

அவன் திரையைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தான்.

"இன்னாக்கா இது? எனக்கோசரம் உன் தலையில பழியப் போட்டுக்குனியா? உன் வேலையும் போச்சே!" மடிக்கணினியை மூடி வைத்தான். "நான்தான்கா அவசரப்பட்டு தொறந்துட்டேன். உன் பேரைக் கெடுத்துட்டேன்."

"இல்லடா, சாமி சத்தியமா..."

"வுடுக்கா. உன் கணக்கு தப்பாவாதுனு எனக்குத் தெரியாதா?"

நைனா பக்கம் திரும்பினான். "பாரு நைனா, பொறுப்புனு சொன்னிச்சே, எப்பிடி நிக்குது பாரு."

அவர் எழுந்து வந்து மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். அவள் வாய்விட்டு அழுதாள். தம்பி வேலை போனதற்கு அழுகிறாள் என்று அவர்கள் இருவரும் மாற்றி மாற்றி அவளைத் தேற்றினார்கள்.