அழுதால் நாற்பத்தொரு கிலோ

ரெனிதாவைக் கட்டிக்கொண்டதிலிருந்து சென்னை பாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் எதையும் போட்டது போட்டபடி விட முடியாது. தோசை வார்க்கும்போது காலிங் பெல் அடித்தால், அடுப்பை அணைத்து, மாவை மூடி, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். அதற்குள் கூரியர்காரன் போயே போயிருப்பான். கத்தினால், "என் வேலைப் புத்தி அப்படி" என்பாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில், மெஷினின் உறுப்புகளை இயக்கும் டிரைவர் என்கிற புரோகிராம்களை எழுதுவதுதான் அவள் வேலை.

பிரசவ லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியதும் என் அம்மா சகாயமேரி ஆரம்பித்துவிட்டாள்.

"புள்ள எளச்சு பூட்டான்டா ஃபெலிக்ஸு! தாயி ஊட்ல இல்லன்னா எப்டிடா தேறுவான்? வேலைய உட சொல்லு."

ரெனிதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எடை போட்டுப் பாத்துடலாம் அத்தை. தடுப்பூசி போட்டப்ப ஆறரை கிலோ. அதுல ஒரு கிராம் கொறஞ்சிருந்தாலும் நாளைக்கே வேலைய விட்டுடறேன்."

சொன்னால் செய்துவிடுவாள். அந்த வேலைக்கு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கம்பெனியில் கேட்டு வாங்கிவந்த புதுக் குழந்தைத் தராசைக் கூடத்தில் வைத்தாள். குழந்தை அழுதால் தானாகத் தாலாட்டுப் பாடும் தராசு. அழுகையைக் கேட்டுப் பாட்டைப் போடும் டிரைவர் இவள் எழுதியது. கம்பெனியில் ஒரு பூசணிக்காயை வைத்துச் சோதித்தார்களாம். கிராம்கூடப் பிசகவில்லையாம்.

பையனைப் படுக்க வைத்ததும் வீடே அதிர வீறிட்டான். தராசு பாடியது. எடை: நாற்பத்தொரு கிலோ!

"ஐயோ, நாப்பத்தோரு கிலோவயா இடுப்புல வெச்சுகினு கீறேன்?" என்றாள் அம்மா. அடுத்த நொடி மூன்று கிலோ காட்டியது. "பாத்தியா, இதான் நெசம்! நான் சொல்லல?"

ரெனிதாவின் முகம் செத்துப்போனது. பையனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சாம்பாருக்கு வாங்கிய பரங்கிக்காயைத் தூக்கி வைத்தாள். சமர்த்தாக ஒரே எடையைக் காட்டியது.

"இப்ப நீங்க அழுங்க," என்றாள் என்னிடம்.

"நானா?"

"பரங்கிக்காய் அழுமா?"

மானத்தை விட்டு ஒப்பாரி வைத்தேன். எதிர்வீட்டு மங்களம் அக்கா ஓடி வந்து, "யாரு பூட்டாங்க?" என்றாள். தாலாட்டு ஒலித்தது. பரங்கிக்காய் ஐம்பத்தெட்டு கிலோவானது.

ரெனிதா தலையில் அடித்துக்கொண்டாள். தராசின் மூளையான பிராசசர் எடை போடும்போது பாதிக் கணக்கை ரெஜிஸ்டர் என்கிற குட்டி அறைகளில் வைத்திருக்குமாம். அழுகை கேட்டதும் டிரைவர் குறுக்கே புகுந்து, அதே அறைகளில் பாட்டின் சத்தத்துக்குக் கணக்குப் போடும். புகுமுன் அங்கே இருந்ததை எடுத்துப் பத்திரப்படுத்தி, போகும்போது திருப்பி வைக்க வேண்டும். இவள் வைக்கவில்லை. பையனின் எடையில் பாட்டின் சத்தம் கலந்துவிட்டது. பூசணிக்காய் அழாததால் யாருக்கும் தெரியவில்லை. கரண்டியைக் கழுவி வைக்கத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்க நாக்கு துடித்தது. உயிர்மேல் ஆசை, கேட்கவில்லை.

லேப்டாப்பைத் தராசில் செருகித் திருத்தி முடிப்பதற்குள் பையன் அம்மாவின் தோளில் தூங்கிவிட்டான்.

"குடுங்க அத்தை, இப்பவே போட்டுடலாம்."

"தூங்கறப்ப இன்னா வோணா காட்டும். அழறப்ப காட்டட்டும், நம்பறேன்."

"அப்ப எழுப்புங்க."

"தூங்கற புள்ளய எழுப்புவியா? நீயெல்லாம் ஒரு தாயி!"

காத்திருந்தோம். ரெனிதா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒருவழியாக எழுந்தவன், தராசில் வைத்ததும் தொண்டை கிழியக் கத்தினான். பாட்டு ஒலித்தது. எண் ஆடவில்லை. ஏழு கிலோ நூறு கிராம்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். தாலாட்டு முடியும்வரை பார்த்தாள். எண் அப்படியே நின்றது. பையனைத் தூக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு வேலைக்கு எந்தச் சுடிதார் போட்டுகினு போற?" என்று ரெனிதாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "எடுத்து வெச்சுட்டு போ, இஸ்திரி போட்டு வெக்கறேன்."

ரெனிதா அப்போதுதான் அழுதாள்.