பெரியப்பா கழுவி வைத்த கிணறு

பிஎச் மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டமொன்றில், மூடிக் கிடந்த ரப்பர் ஃபேக்டரிக்கு அடுத்திருந்த கோயில் கிணற்றுத் தண்ணீர் அது. ரப்பர் பாலை உறைய வைக்க அங்கே வருடக்கணக்கில் ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். அது மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றைக் கெடுத்திருந்தால் தண்ணீர் புளிப்பாகி, எண் குறைந்திருக்க வேண்டும். நல்ல தண்ணீர் ஏழுக்குப் பக்கத்தில் நிற்கும். இதுவோ பதினொன்றைத் தாண்டி நின்றது. மீட்டரைத் துடைத்து மறுபடி முக்கினேன். அதே எண். பழைய ஃபேக்டரிகளின் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்கும் வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயத்தைவிட ஆசைதான் அதிகம். யாரும் காணாத எதையோ கண்டுபிடித்துவிட்டதாக நெஞ்சு அடித்துக்கொண்டது.

அந்தக் கோயிலுக்குத் தலைவர் என் பெரியப்பா. ஃபேக்டரி நிலத்தை வீடு கட்ட வாங்கிய கம்பெனிதான் எங்களை அனுப்பியிருந்தது. கிணறு கெட்டிருந்தால் சிமெண்ட் போட்டு மூடிவிடுவார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் குழாய்த் தண்ணீர் நூலாகத்தான் வரும். அங்கே மிச்சமிருந்த குடும்பங்களுக்குக் குடிக்கவும் அம்மனுக்கு அபிஷேகத்துக்கும் அந்தக் கிணறு ஒன்றுதான். சொந்தக்காரர் என்று ஆபிஸில் முன்பே சொல்லிவிட்டேன். அதனால் நான் எடுக்கும் ஒவ்வொரு பாட்டிலையும் பக்கத்தில் நின்று பார்க்க, கூட வேலை செய்யும் ஒரு சீன நண்பர் வந்திருந்தார்.

பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டி, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பது போல நின்றார். “எப்படிம்மா இருக்கு நம்ம கெணறு?” என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள் தானே சொல்லிவிட்டார். “நேத்தே எறங்கித் தேச்சுக் கழுவி, ஒரு மூட்ட சுண்ணாம்பும் கொட்டியாச்சு லா. தொர வர்றாருன்னாலே லயத்துக்கு வெள்ள அடிச்சவங்க நாங்க. சோதிக்க வர்றவங்ககிட்ட கெணத்த அழுக்காவா காட்டுவோம்?”

சுண்ணாம்பு விழுந்தால் எண் ஏறத்தானே செய்யும். என் மகத்தான கண்டுபிடிப்பு ஒரு மூட்டைச் சுண்ணாம்பில் கரைந்து போனது. கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “ஏன் பெரியப்பா, டாக்டர்கிட்ட போறப்ப மூஞ்சில பவுடர் பூசிக்கிட்டு போனா, அவரு சீக்க எப்படிக் கண்டுபிடிப்பாரு?” என்றேன். அவர் அசரவில்லை. “பூசாம போனா மரியாத இல்லயேம்மா” என்றார்.

பிறகென்ன, தோட்டமே திரண்டது. பம்பு வைத்துக் கிணற்றை வற்ற இறைப்பதும், புதிதாக ஊறி வருவதைச் சோதிப்பதும், சுண்ணாம்பு போகவில்லையென்று மீண்டும் இறைப்பதுமாக நாட்கள் போயின. அதுவரை லோரியில் வந்த தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்தார்கள். இதற்கிடையே ஃபேக்டரியைச் சுற்றித் துளை போட்டோம். டீசல் தொட்டி இருந்த இடத்தில் உருவிய மண் கறுத்து நாறியது. அடியில் தண்ணீரிலும் எண்ணெய் மினுமினுத்தது. அந்த அழுக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில்தான் கிணற்றின் தலையெழுத்து இருந்தது. கண்ணுக்கு எல்லாம் சமதளம். தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும் அளவு நாடாவைத் துளை துளையாக இறக்கி, கிணற்றிலும் இறக்கி, மட்டங்களை ஒப்பிட்டோம். கிணற்றுப் பக்கம்தான் உயரம். மண்ணுக்கடியில் தண்ணீர் கிணற்றிலிருந்து ஃபேக்டரிக்குப் போகிறது, அங்கிருந்து இங்கே வரவில்லை. நண்பரும் நானும் சேற்றில் நின்றபடியே குதித்தோம். சுண்ணாம்பு நீங்கிய பிறகு எடுத்த மாதிரிகளிலும் எண்ணெயோ ஆசிட்டோ இல்லையென்று லேப் சொன்னது.

போனில் சொல்ல மனம் வரவில்லை. சிரம்பானிலிருந்து காரை விரட்டிக்கொண்டு போனேன். “கெணறு நல்லா இருக்கு பெரியப்பா. எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு” என்றேன். அவர் துள்ளவில்லை. ஒரு வாளி இறைத்தார். டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

“எழுதிட்டேல்ல? குடி.”

அந்தத் தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனாலும் கை ஒரு கணம் தயங்கியது. பெரியப்பா என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மடமடவென்று குடித்து முடித்தேன். அதன் பிறகே அவர் லயத்துப் பக்கம் திரும்பி, “எறைச்சுக்கலாம் லா” என்று குரல் கொடுத்தார். குடங்கள் வரத் தொடங்கின. அன்று எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது.

பெரியப்பா இப்போது இல்லை. நான் சிரம்பானை ஒட்டிய பாரோயில் இருந்துகொண்டு, எத்தனையோ பழைய ஃபேக்டரிகளுக்கு அறிக்கை எழுதிவிட்டேன். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். குடி என்று யாரும் நீட்டுவதில்லை.