சீட்டில் நான் எழுதிய தலைவலி

பிரியமானவர்களே, இதை எழுத எனக்கு இன்றும் கூச்சம்தான். ஆண்களும் படிப்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

1991 கோடையில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். பெண்கள் கழிவறைச் சாவி சூப்பர்வைசர் மேஜைமேல் இருக்கும். அத்தனை ஆண்கள் நடுவே போய்க் கேட்க வேண்டும். அதற்கு வெட்கப்பட்டு, மண்ணூர்பேட்டை வீட்டுக்குத் திரும்பும்வரை தண்ணீரே குடிக்க மாட்டேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்தேன்.

ஏப்ரலில் ஆரம்பித்தது. சிறுநீர் போகும்போது தீயாய் எரியும். சொட்டுச் சொட்டாகப் போகும், எழுந்தால் மறுபடி முட்டும். சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். அடங்கவில்லை. ஒருநாள் ரத்தமாகப் போனது. கெட்ட வியாதியோ என்று பயந்தேன். கணவர் என்னைச் சந்தேகப்படுவாரோ என்று அதைவிடப் பயந்தேன். வெங்காயம் நறுக்கும் சாக்கில் அழுவேன்.

சபையில் ஜெப விண்ணப்பச் சீட்டு கொடுப்பார்கள். பாஸ்டர் பெயரோடு உரக்க வாசிப்பாரே என்று "தலைவலி" என்று எழுதிப் போட்டேன். சபை முழுவதும் என் தலைக்காக உருகி ஜெபித்தது. என் தலைக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு நானே மூன்று நாள் உபவாசம் இருந்தேன், சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல். மூன்றாம் நாள் ஆராதனையில் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. "ஆண்டவரே, எனக்கு வாய் வரவில்லை, நீரே யாரிடமாவது சொல்லும்" என்று முழங்காலில் நின்று கெஞ்சினேன்.

பக்கத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்கா இருந்தார். என் காதருகே குனிந்தார்.

"இன்னாமா, தலைவலின்னு எழுதிட்டு இடுப்ப புடிச்சிகினு கீறே? ஒண்ணுக்குப் போனா எரியுதா?"

நான் அழுதேன்.

"அழாத. எனக்கும் வந்துகீது. டாக்டராண்ட போலாம், வா."

நீர்ப்பையில் கிருமி, சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்றார் டாக்டர். தண்ணீர் குடிக்காததும் அடக்கி வைத்ததும் செய்த வினை. ஊசி, மாத்திரை கொடுத்தார். எரிச்சல் நின்றாலும் கடைசி மாத்திரைவரை விழுங்கச் சொன்னார். விழுங்கினேன்.

"இத்த ஏன் என்னாண்ட மறைச்ச? நான் இன்னா பேயா?" என்றார் கணவர். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று சூப்பர்வைசர் மேஜைக்கு நேரே போனேன். "சார், சாவி" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார். இதற்காகவா சாகக் கிடந்தேன்?

சகோதரிகளே, என் பொய்ச் சீட்டைத் தள்ளிவிட்டு என் கண்ணீரைக் கேட்டவர் உங்களையும் கேட்பார். அவரை நம்பி டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். தண்ணீர் குடியுங்கள். அன்று சீட்டில் எழுதாததை இன்று பெயர் போட்டே எழுதிவிட்டேன். அவருக்கே ஸ்தோத்திரம்.

எஸ்தர், மண்ணூர்பேட்டை