செபமாலை நேரத்து உறுமல்

1. ஞாயிற்றுக்கிழமைக் கெடு

"சார், எங்க டோபி அப்பா கையக் கடிச்சிட்டான். ஊசியெல்லாம் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள யார்கிட்டயாவது குடுத்துடுன்னு அப்பா சொல்லிட்டாரு. நீங்க பிளான் எழுதித் தருவீங்களாமே?"

மந்தைவெளியிலிருந்து ஸ்டெல்லா பேசினார். நாய்களின் நடத்தையை மாற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகத் திட்டம் எழுதித் தருவது என் தொழில். எங்களுக்குள் அது வெறும் 'பிளான்'. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற சிலர் இணையத்தில் கிடைக்கும் பிளானில் நாயின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டைப் பார்க்காமல் பிளான் எழுதுவதும் அளவெடுக்காமல் ஜாக்கெட் தைப்பதும் ஒன்றுதான்.

டோபி பெசன்ட் நகர் கடற்கரையில் குட்டியாகக் கிடந்தவன். ஸ்டெல்லாதான் தூக்கி வந்து வளர்த்தார். கடித்த நாயை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்போது கடிக்கிறான் என்று கேட்டேன்.

"சாயங்காலம் செபமாலை சொல்றப்ப மட்டும்தான் சார். மத்த நேரம் தங்கம்."

அந்த நேரத்துக்கே வருகிறேன் என்றேன்.

2. நாற்காலிக்கு அடியில்

ஸ்டெல்லாவின் அப்பா அந்தோணி சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஹாலில் மாதா படத்துக்கு முன்னால், ஒரு மர நாற்காலியைப் பிடித்தபடி முழங்காலில் நிற்பார். அந்த நாற்காலிக்கு அடியில்தான் டோபி படுப்பான். அன்று அவனுடைய லீஷை ஸ்டெல்லா கையில் பிடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் வழக்கம்போல நடக்கட்டும் என்று நான் ஓரமாக உட்கார்ந்தேன்.

செபம் முடிந்து எழுந்தபோது அந்தோணி சார் தன் மொத்த எடையையும் நாற்காலி மேல் போட்டார். மூட்டு வலிக்காரர், வேறு வழியில்லை. நாற்காலி தரையில் கிறீச்சிட்டு இழுபட்டு, டோபியின் முதுகில் இடித்தது. அவன் உடம்பு விறைத்தது, உதடு மேலேறியது. சத்தமே இல்லை. ஸ்டெல்லா சட்டென்று இழுத்துக்கொண்டார்.

அவனைக் கடிக்கத் தூண்டும் ட்ரிகர் நாற்காலிதான், அது தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

"இவன் உறுமவே மாட்டானா சார்?"

"முன்னாடி உறுமுவான். செபத்துக்கு நடுவுல உறுமினா சும்மா விடுவேனா? உறுமினப்பல்லாம் செருப்பால ஒண்ணு வெச்சேன். இப்பப் பாருங்க, மூச்சு விடறதில்ல." பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. "சார், இடிக்காதீங்கன்னு அவன் வாயால சொல்லிப் பாத்தான். அந்த வாய அடைச்சிட்டீங்க. மிச்சம் பல்லு மட்டும்தான் இருந்துச்சு."

"அதுக்கு? நாய் சொல்லுதுன்னு நான் செபத்த நிறுத்தணுமா?"

"ஆமா சார்."

"அது நடக்காது."

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிழவர் அதைப் பார்த்தார். "சரி, தவக்காலம் முடியட்டும். ஈஸ்டர் வரைக்கும் பாக்கறேன்" என்றார்.

3. அந்த வீட்டுக்கான பிளான்

நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் போடச் சொன்னேன். டோபிக்கு எதிர்ச் சுவரோரம் ஒரு மேட். செபமாலையில் பத்து மணி உருண்டு, பத்து அருள்நிறை மந்திரம் முடியும்போதெல்லாம் மேட்டில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. நடுவில் யாரும் பேச மாட்டார்கள் என்பதால் கட்டளைச் சொல் எதுவும் வைக்கவில்லை. செபத்தின் தாளமே அவனுக்குக் கட்டளை.

அந்தோணி சார் பிளானைச் சிவப்புப் பேனாவோடு படித்தார். 'கோழி' என்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"வெள்ளிக்கிழமை எங்க வீட்ல கறி கிடையாது."

வெள்ளிக்கிழமைக்கு முட்டை என்று திருத்தினேன். கடைசி வரி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது: 'உறுமினால் அடிக்காதீர்கள். அசையாமல் நில்லுங்கள். அவன் விலகட்டும்.' அதன் பக்கத்தில் அவர் டிக்கும் போடவில்லை, கோடு போட்டு அடிக்கவும் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி போனேன். மேட் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அது இல்லாததால் டோபி பழைய இடத்துக்கே போய்ப் படுத்துவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் செபம் ஆரம்பித்துவிட்டது. டோபியின் லீஷை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

மாதா பிரார்த்தனைக்கு நடுவில் அந்தோணி சார் முட்டியை மாற்றினார். நாற்காலி அசைந்தது. அடியிலிருந்து மெல்லிசாக ஓர் உறுமல். பல நாள் கழித்து வந்த உறுமல். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஸ்டெல்லாவின் பார்வை வாசலில் கிடந்த செருப்புக்குப் போனது.

அந்தோணி சார் செபத்தை நிறுத்தினார்.

"சரிடா, கேட்டுச்சு. நீ நகந்துக்கோ."

மூட்டு வலியோடு அசையாமல் அப்படியே நின்றார். டோபி எழுந்து, உடம்பை ஒருமுறை உதறிவிட்டு, வழக்கமாக மேட் இருக்கிற சுவரோரம் போய் வெறுந்தரையில் படுத்தான். அவர் விட்ட வரியிலிருந்து செபத்தைத் தொடர்ந்தார்.

கிளம்பும்போது கேட்டேன், "தவக்காலம் முடியப்போகுது சார். யாருக்குக் குடுக்கப்போறீங்க?"

"யாருக்குக் குடுக்கறது? இவன் பேசறது இப்பதான் எனக்கே புரியுது. வேற வீட்ல போயி யார்கிட்ட மறுபடி மொதல்லேருந்து சொல்லுவான்?"

இப்போது நான் எழுதுகிற எல்லா பிளானிலும் அந்தக் கடைசி வரிதான் முதல் வரி.